இயங்காத டைமர்

சைமி ரவுத்தியோ பகலில் ஔலு நகரத்து மரக்கிடங்கு ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வாள். மாலையில், சம்பளமில்லாமல், மற்றவர்கள் எழுதிய லினக்ஸ் மென்பொருள்களை எவரும் சுலபமாக நிறுவிக்கொள்ளும் தொகுப்புகளாகக் கட்டுவாள். பதினோரு வருஷப் பழக்கம். அவள் கட்டியதென்றால் கண்ணை மூடிக்கொண்டு நிறுவலாம் என்று பெயர்.

போன இலையுதிர் காலத்தில் கோப்புகளைத் தினமும் நகலெடுத்து வைக்கும் மென்பொருள் ஒன்றைக் கட்டினாள். அதில் நகலெடுக்கும் சேவை ஒன்று, அதைத் தினமும் எழுப்பிவிடும் டைமர் ஒன்று. நிறுவும்போதே டைமரை முடுக்கிவிட வேண்டும். டைமரின் பெயரை எழுதவேண்டிய வரியில் சைமி சேவையின் பெயரை எழுதிவிட்டாள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நகலும் எடுக்கப்படவில்லை.

தொகுப்பைச் சரிபார்த்த சக தன்னார்வலன் டோர்ஸ்டன் அன்றே கேட்டிருந்தான்: "புதுக் கணினியில நிறுவிப் பாத்தியா? டைமர் தானா ஓடுதா?"

"பாத்தாச்சு, ஓடுது."

அவள் பார்க்கவில்லை. தன் கணினியில் எப்போதோ கையால் முடுக்கிவிட்டிருந்தாள், அங்கே ஓடியது.

ஜூன் மாதம் ஹைலூத்தோ தீவிலிருந்து ஒரு கடிதம். எழுதிய தௌனோ ஆந்தைகளின் குரலைப் பதிவு செய்பவர், அவள் தொகுப்பை நிறுவியிருந்தவர். பதிவுகள் இருந்த கணினி வட்டு செத்துவிட்டது, நகலைத் தேடினால் ஒன்றுகூட இல்லை. கடைசி வரியில், "நான் ஏதும் தப்பா பண்ணிட்டேனா?" என்று கேட்டிருந்தார். அந்த வரியை அவளால் தாண்டமுடியவில்லை.

அன்றே திருத்தினாள். ஆனால் திருத்தம் புதிதாக நிறுவுகிறவர்களுக்குத்தான் பலிக்கும். ஏற்கெனவே நிறுவியவர்கள் புதுப்பித்தாலும் டைமர் தானாக முடுக்கப்படாது, கையால்தான் முடுக்கவேண்டும். அதை அறிவிப்பாக எழுதி, 'என் கவனக்குறைவு' என்று கையெழுத்திட்டாள். சனிக்கிழமை தீவுக்குப் படகேறினாள்.

"எழுதிட்டீங்களே, இதுக்காக நேர்ல வரணுமா?" தௌனோ காப்பி ஊற்றினார்.

"கவனக்குறைவு மட்டும் இல்லைங்க. பாத்தியான்னு ஒருத்தன் கேட்டான். பாக்காமலே பாத்தேன்னு சொன்னேன்."

அவர் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "கோவம் இல்லைன்னு சொல்லமாட்டேன். நான் பதிவு பண்ணின கிழ ஆந்தை மே மாசம் கார்ல அடிபட்டுச் செத்துப்போச்சு, அந்தக் குரல் இனி கிடைக்காது. ஆந்தைகிட்ட பேசற நேரத்துல என்கிட்ட பேசலாமேன்னு எம் பொண்டாட்டி சொல்லுவா. இப்ப அவளுக்குத்தான் கொண்டாட்டம்."

சைமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொய்ய யார்கிட்ட சொன்னீங்களோ, அவர்கிட்டயே போய் சொல்லுங்க," என்றார் தௌனோ.

திரும்பும் படகிலேயே டோர்ஸ்டனுக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது: "உன் பேரப் பாத்து நானும் சோதிக்காம விட்டுட்டேன்." அது அவள் பாரத்தைக் குறைக்கவில்லை. அறிவிப்பிலும் கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, நடந்ததை அப்படியே எழுதினாள்.

தௌனோவின் பதிவுகளில் நான்கு மட்டும் ஒரு நண்பரின் கைப்பேசியில் கிடைத்தன. டைமரைக் கையால் முடுக்கிவிட்டதாக நாற்பத்து மூன்று பேர் எழுதினார்கள். அறிவிப்பையே பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை.