ஐந்தாவது ஆள்

அந்த வருடங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கென்று இருந்தது ஒரு கேம்ஸ் கடை மட்டும்தான். காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடையின் மேல்மாடியில், பழைய கணினிகளை வரிசையாக வைத்த நீண்ட அறை. ரயில் போகும் போதெல்லாம் மேசைகள் நடுங்கும். சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடியிருந்த காலம். அப்பாவும் அம்மாவும் அங்கே மாட்டிக்கொண்டார்கள். நான் இங்கே ஒரு டைல்ஸ் கடையில் கணக்கெழுதிக்கொண்டு, யாரோ ஒருவரின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா என்னோடு பேசுவார்தான், ஆனால் தண்ணீர் மோட்டரைப் பற்றி மட்டும். வேலை முடிந்து அந்த அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. நேரே கேம்ஸ் கடைக்குப் போய்விடுவேன்.

நாங்கள் விளையாடியது ஐந்து பேர் ஐந்து பேரோடு மோதும் துப்பாக்கி விளையாட்டு. ஒரு பக்கம் குண்டு வைக்கும், மற்றப் பக்கம் தடுக்கும். வெளியே அதே காரியம் நிஜமாகவே நடந்துகொண்டிருந்த ஊரில் இதை விளையாட உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று பிற்காலத்தில் ஒரு கெட்டிக்காரர் என்னிடம் கேட்டார். இல்லை, ஒரு துளியும் இல்லை. திரையில் செத்தவன் அடுத்த சுற்றில் எழும்பி வருவான். அப்போது எங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த நான் மினக்கெடவில்லை.

எங்களுக்குப் போட்டி, கொழும்பின் மற்றப் பக்கத்தில் இருந்த கொட்டாஞ்சேனைக் கேம்ஸ் கடைப் பெடியன்கள். அவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஜிந்துப்பிட்டிப் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து நடந்தே கடைக்கு வருவார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதே ஐந்து பேர். ஒருவன் தும்மினால் எந்தப் பக்கம் திரும்பித் தும்முவான் என்பது மற்ற நால்வருக்கும் தெரியும். எங்கள் அணியோ ஓட்டை வாளி. எங்கள் பக்கம் விளையாட வருபவர்களில் பாதிப்பேர் லொட்ஜ்களில் தங்கி இருந்தவர்கள். ஒருவன் விசாவுக்குக் காத்திருப்பான், ஒருவன் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் தொலைபேசிக்குக் காத்திருப்பான், இன்னொருவன் எதற்கென்றே தெரியாமல் காத்திருப்பான். போகும் நாளை யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும், அல்லது பாதி வழியில் பிடித்துத் திருப்பி அனுப்பினால் திரும்பவும் எங்கள் முகத்தில் முழிக்க வேண்டும். நாற்காலி காலியாக இருந்தால் ஆள் போய்விட்டான் என்று எடுத்துக்கொள்வோம்.

அதனால் புது ஆட்களைப் பிடித்து வைத்திருப்பது எங்களுக்கு வாழ்வா சாவா என்ற கதை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை. அணி வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். பின்னேரத்தில் யாராவது எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் உண்மை.

புது ஆளை வரவேற்பதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கணினியை அவனுக்கு விட்டுக்கொடுப்பேன். பக்கத்தில் நான் இருப்பேன். முதல் நாள் அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்க மாட்டேன், அவன் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாலும் சிரிக்க மாட்டேன். எங்கள் ஆட்களில் யாராவது சிரித்தால் நாற்காலியோடு சேர்த்து உதைப்பேன். என்னை அவன் ஒரு தடவையாவது சுட்டுவிடும்படி பார்த்துக்கொள்வேன், அது அவனுக்குத் தெரியாமல். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் கேட்பதில்லை. ஊர் கேட்பதில்லை. எந்த லொட்ஜ், எப்ப வந்தது, எப்ப போறது, ஒன்றும் கேட்பதில்லை. கொழும்பில் இருந்த ஒரு தமிழ்ப் பெடியனிடம் காலையிலிருந்து பின்னேரம்வரை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கேள்விகளைத்தான். செக்பொயின்ற்றில் கேட்பார்கள், பொலிஸ் பதிவுக்குப் போனால் கேட்பார்கள், வாடகைக்கு அறை பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கேட்பார். எங்கள் கடையிலாவது அவன் கேள்வி இல்லாமல் உட்காரட்டும் என்று நினைத்தேன். திரையில் ஆளுக்கொரு பட்டப்பெயர் இருந்தது. கூப்பிட அது போதும். இப்போதும் அந்த விதி பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

அவன் வந்தது ஒரு மழைப் பின்னேரம். எங்கள் அணியில் நான்கு பேர் எஞ்சியிருந்தோம், கொட்டாஞ்சேனையோடு ஆட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஐந்தாவது ஆள் இல்லை. உயரமான, மெலிந்த பெடியன். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. கதவருகே நின்று எல்லாத் திரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்கோ, இதில இருங்கோ," என்று விசிறிக்குக் கீழே இருந்த இடத்தைக் காட்டினேன்.

"எனக்கு இது அவ்வளவாத் தெரியாது அண்ணை."

"இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சத்தம் போடுறாங்கள், அவ்வளவுதான்."

சிரித்தான். ஆனால் அவன் விசிறிக்குக் கீழே இருக்கவில்லை. கதவைப் பார்த்தபடி இருந்த மூலைக் கணினியில் போய் உட்கார்ந்தான். நானும் என் இடத்தை விட்டு எழும்பி அவன் பக்கத்தில் போய் இருந்தேன்.

நாலைந்து நாளில் அவன் எங்கள் எல்லாரையும்விட நன்றாகக் குறி பார்க்கப் பழகிவிட்டான். பொறுமைதான் அவனுடைய பலம். மற்றவர்கள் வாலில் பட்டாசு கட்டியதுபோல் ஓடிப்போய்ச் சாகும்போது அவன் ஒரு பெட்டிக்குப் பின்னால் அசையாமல் நிற்பான். இரண்டே இரண்டு விஷயங்கள்தான் என்னை வதைத்தன. ஒன்று, அவன் தனக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கவே இல்லை. பெயர் போடாதவர்களுக்கு அந்த விளையாட்டு தானாகவே 'பிளேயர்' என்று போட்டுவிடும். அவன் அப்படியே விட்டுவிட்டான்.

"ஏதாவது ஒரு பேரைப் போடுங்கோவன், எங்களுக்குக் குழம்புது," என்றேன்.

"இது காணும் அண்ணை."

மற்றது ஹெட்போன். அவன் ஒரு காதில் மட்டும்தான் போடுவான். மற்றக் காது வெளியே, படிக்கட்டில் வரும் காலடிகளுக்கு. ஆனால் இந்த விளையாட்டில் எதிரி இடமா வலமா என்பதை இரண்டு காதாலும் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஒற்றைக் காதோடு அவன் அநியாயமாகச் செத்துக்கொண்டிருந்தான். போடச் சொல்லி நான் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. ஒரு பின்னேரம் மட்டும், ஆட்டம் தொடங்கும் முன்பு, என்னுடைய ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். "நான் வாசலைப் பாக்கிறன். நீங்கள் விளையாடுங்கோ," என்றேன். அவன் என்னையும் படிக்கட்டையும் பார்த்துவிட்டு இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு நான் ஒருவரையும் சுடவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்படி ஒரு நிம்மதியோடு கொழும்பில் நான் வேறெந்தப் பின்னேரமும் இருந்ததில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓர் அணி என்றால் எல்லாரும் சேர்ந்து, ஒரு வான் பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு போவது வழமை. ஐந்து தமிழ்ப் பெடியன்கள் ஒரே வானில் போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே தனித்தனி பஸ்ஸில் போனோம். கோட்டை பஸ் நிலையத்தில் பஸ் மாறும்போது என் அணிக்காரன் ஒருவன் எனக்கு முன்னால் நின்றான். இருவரும் முன்பின் தெரியாதவர்கள்போல் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாங்கள் நால்வரும் வந்து சேர்ந்துவிட்டோம். அவன் வரவில்லை. கொட்டாஞ்சேனைப் பெடியன்கள் நல்லவர்கள். "பரவாயில்ல மச்சான், வரட்டும், வெயிட் பண்ணுவோம்," என்றார்கள். பிளேன்டீ எடுத்துத் தந்தார்கள். நான் அதை மேசையில் வைத்துவிட்டுப் படிக்கட்டைப் பார்த்தேன். போய்விட்டான் என்று நினைத்தேன். ஏஜென்சிக்காரன் கூப்பிட்டிருப்பான். நல்லதுதானே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நானும் மனிதன்தானே.

அப்போது அவன் படியேறி வந்தான். சேர்ட் நனைந்திருந்தது. "செக்கிங்கில நிப்பாட்டிப்போட்டாங்கள்," என்று மட்டும் சொன்னான்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். கடைசிச் சுற்றில் நாங்கள் நால்வரும் செத்து, அவன் ஒருவன் மட்டும் உயிரோடு நின்றான், எதிரே மூன்று பேர். நாங்கள் எழும்பி அவன் நாற்காலிக்குப் பின்னால் கூடினோம். ஒருவனை விழுத்தினான். இரண்டாமவனையும் விழுத்தினான். மூன்றாமவனிடம் அகப்பட்டுக்கொண்டான். கடை முழுக்கக் கூச்சல். கொட்டாஞ்சேனைக்காரர் அவன் முதுகில் தட்டி, "எங்கடா ஒளிச்சு வச்சிருந்தீங்க இவன?" என்று என்னிடம் கேட்டார்கள். அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, உடைந்த பல் தெரியச் சிரித்துக்கொண்டு, "அடுத்த முறை விடமாட்டன், மச்சான்," என்று என்னிடம் சொன்னான். அதுவரை அண்ணை என்றவன் முதல்முறையாக மச்சான் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எப்போதோ ஆறிப்போன பிளேன்டீயைக் காட்டி, சூடு என்று சமாளித்தேன்.

அடுத்த ஆட்டம் எங்கள் கடையில் என்று முடிவானது. அதற்கு இடையில் ஒரு விடியற்காலை பொலிஸ்காரர் வெள்ளவத்தை லொட்ஜ்களைச் சுற்றி வளைத்தார்கள். ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். வடக்குப் பக்கம் திருப்பி அனுப்பினார்கள் என்றார் ஒருவர், பொலிஸில் வைத்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். அன்று பின்னேரம் மூலைக் கணினி காலியாக இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான்.

"வெளிநாடு போயிருப்பான், விடும்," என்றார் கடைக்கார அண்ணை. மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். இருக்கலாம். போனவனின் நாற்காலியும் பிடிபட்டவனின் நாற்காலியும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அடுத்த முறை விடமாட்டன் என்று சொன்னவன் அவன். எனக்கு மனம் கேட்கவில்லை. முதலில் லொட்ஜ்களுக்குப் போனேன். "பேர் என்ன தம்பி, பேரைச் சொல்லும்," என்றார்கள். உயரம், மெலிவு, உடைந்த பல் என்றேன். வேறு வேலை இல்லையா என்பதுபோல் பார்த்தார்கள்.

கடைசியில் பொலிஸுக்கே போனேன். தமிழன் ஒருவன் தன் காலாலேயே நடந்து அங்கே போவது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மேசையில் இருந்தவர் வயதானவர், களைத்துப்போயிருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கூட்டாளி ஒருவனைக் காணவில்லை, இங்கே இருக்கிறானா என்று கேட்டேன்.

"நம?" என்றார். பெயர்.

தெரியாது என்று கையை விரித்தேன்.

ஊர்? தெரியாது. அடையாள அட்டை இலக்கம்? தெரியாது. தகப்பனின் பெயர்? தெரியாது. அவனைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரிந்திருந்தது. மவுஸை விரல் நுனியால் மட்டும் பிடிப்பான், மீன் ரோல்ஸ் என்றால் இரண்டாவதையும் கேட்காமலே எடுப்பான், பயந்தால் இடப்பக்கம்தான் திரும்புவான், தோற்றால் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த ஆட்டத்துக்கு நிமிர்ந்து உட்காருவான். அந்த மேசையில் எடுபடக்கூடியது ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் அறிந்திருந்த ஒரே பெயர் 'பிளேயர்'. அதைச் சொன்னால் என்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள்.

அவர் கோபப்படவில்லை. "பெயரே தெரியாது என்கிறாய், பிறகு எப்படி அவன் உன் கூட்டாளி?" என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். பிறகு என் அடையாள அட்டையை வாங்கி என்னுடைய பெயரை எழுதிக்கொண்டு, போகச் சொன்னார். வெளியே வந்து பஸ் ஏறாமல் காலி வீதி வழியே நடந்தேன். தெருவென்று பார்க்காமல் அழுதேன்.

ஆட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தேன். "உங்க அந்த அஞ்சாவது ஆள் வருவான்தானே?" என்று கேட்டார்கள். வருவான் என்றேன். பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போட்டோம். அதன்பின் அவர்கள் கேட்கவில்லை.

மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் இன்னொரு புதுப் பெடியன் வந்தான். பள்ளிக்கூடம் முடித்த வயது, கதவருகே நின்று திரைகளைப் பார்த்தான். விசிறிக்குக் கீழே இடம் காட்டினேன். இருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். வாயை அடக்க முடியவில்லை.

"தம்பி, உம்மட பேர் என்ன?"

மவுஸில் இருந்த அவன் கை நின்றது. கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏன் அண்ணை?"

"சும்மாதான். கூப்பிட வேணுமே."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னான். நான் அதை இரண்டு மூன்று தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்த முறை கையில் ஒரு பெயராவது இருக்கிறது என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது. அன்று இரவு நல்ல நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் அவன் கடைக்குள் வந்து, எனக்கு முதுகு காட்டியபடி கடைக்கார அண்ணையோடு கதைத்துக்கொண்டு நின்றான். நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டேன். அப்போதுதான் அது தன் பெயர் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது.