ரயில்வே கேட்டில் நின்ற அம்பாசிடர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து கோணலாக இருக்கும். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றும் எனக்கு நிச்சயமில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஷிப்ட் முடிந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முனையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு பழைய அம்பாசிடர் வந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். என்னோடு வேலை செய்யும் பையன்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

“இன்னாண்ணா, இது இன்னும் உயிரோட கீது?” என்றான் ஒருவன்.

“இத போட்டா பேரீச்சம்பழம் கூட குடுக்க மாட்டான்டா,” என்றான் இன்னொருவன். “அண்ணன் காலத்து வண்டி. கேளு, ஓட்டியிருப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் அம்மாவின் தம்பி அப்படி ஒரு வண்டி வைத்திருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா வயல் வேலையை விட்டுவிட்டு இரும்பு உருக்கும் மில்லில் சேர்ந்திருந்தார். மாமா அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினார். காலனியில் கல்யாணம் என்றாலும், பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டுதல் என்றாலும் அதுதான் வண்டி. அவர் வாங்கும்போதே அது கிழடு. சாவியைத் திருப்பினால் முக்கும், முனகும், கிளம்பாது. நாலைந்து பேர் தள்ளினால்தான் உயிர் வரும். ஒரு கல்யாண மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியிருக்கிறார்.

காலனிக்கும் ஊருக்கும் நடுவில் ரயில்வே கேட். போட்டால் கால் மணி நேரம் ஆனாலும் திறக்காது. அங்கே நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவது மாமாவின் வழக்கம். பெட்ரோல் மிச்சம் என்பார். அந்த வண்டியில் சாவி போடும் இடம் முன்பலகையின் நடுவில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் கைக்கு எட்டும். “அமுத்து மாப்ள” என்பார். நான் சாவியைத் திருப்பி அணைப்பேன். கேட் திறந்ததும் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் கிண்டல் செய்துகொண்டே தள்ளிவிடுவார்கள்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட ‘உள்ளேன் ஐயா’ சொல்லக் கூசுகிறவன் நான். அவ்வளவு பெரிய வண்டியை இரண்டு விரலால் அடக்குவது எனக்கு ஓர் உத்தியோகம் போல இருந்தது. போகப் போக, அவர் சொல்வதற்கு முன்பே திருப்ப ஆரம்பித்தேன். “மாப்ள ஷார்ப்பு” என்று தலையில் தட்டுவார்.

அந்த வருடம் கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், எட்டு மாதக் கர்ப்பமாக இருந்த அம்மாவுக்கு உதிரம் போக ஆரம்பித்தது. அப்பா மில்லில் இருந்தார். காலனிப் பெண்கள் அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். அவர்களே சேர்ந்து வண்டியைத் தள்ளிக் கிளப்பினார்கள். ஒருத்தி அப்பாவுக்குச் சொல்ல மில்லுக்கு ஓடினாள். நான் வழக்கம்போல முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கேட் போட்டிருந்தது. ஆசுபத்திரி அந்தப் பக்கம். மாமா எஞ்சினை ஓடவிட்டு இறங்கி, கேட்காரரிடம் ஓடினார்.

“அண்ணே, அக்காக்கு ரத்தமா போவுதுண்ணே. ஒரு நிமிஷம் தூக்குண்ணே.”

“சிக்னல் குட்தாச்சிப்பா. என்னிய இன்னா பண்ண சொல்ற?”

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. கேட்டில் நின்றால் அணைக்க வேண்டும், அவ்வளவுதான். சத்தம் நின்றதும் அம்மாவின் முனகல் பெரிதாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள்.

சரக்கு ரயில் போனது. மாமா ஓடி வந்து உட்கார்ந்தார். சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாவியைத் திருப்பிப் பார்த்தார், வண்டி முனகியது. “எறங்கித் தள்ளு மாப்ள” என்றார். அந்த வெயிலில் வெள்ளரிக்காரர்கள்கூட இல்லை. தண்டவாளத்தை நோக்கி ரோடு மேடு. பின்னால் சரிய விடலாம் என்றால் லாரிகள் ஒட்டி நின்று ஹாரன் அடித்தன. லாரிக் கிளீனர்கள் இறங்கி வருவதற்குள் கேட் மறுபடி விழுந்துவிட்டது. அடுத்த ரயிலும் போன பிறகுதான் வண்டி கிளம்பியது.

பெண் குழந்தை. அழவே இல்லை. “கொஞ்சம் முன்ன இட்டாந்திருந்தா கொயந்தையும் பொழச்சிருக்கும்” என்று நர்ஸம்மா சொன்னபோது, அப்பா மில் உடுப்போடு வாசலில் நின்றிருந்தார். கேட்டில் வண்டி நின்றுபோன கதையை யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள்.

“உள்ள ஒருத்தி துடிச்சிக்கினு கீறா. எவன்டா வண்டிய ஆப் பண்ணது?” என்றார் அப்பா.

மாமா அக்காள் புருஷனான அப்பாவை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார். “நான்தான் மாமா” என்றார். “பழக்கதோஷத்துல கை போயிடுச்சி.”

அப்பா அறைந்தார். மாமா தடுக்கவில்லை. “இனிமே என் ஊட்டு வாசப்படிய மிதிச்ச, நான் மனுஷனா இருக்க மாட்டேன்.” கட்டிலில் கிடந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி மேல் கோபம் என்று நினைத்தேன்.

பதற்றத்தில் மாமாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது, தானே அணைத்ததாக நம்புகிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். அவருக்கு உண்மை ஞாபகம் வந்துவிடக் கூடாது என்று அன்று முழுவதும் சாமி கும்பிட்டேன்.

அவர் வண்டியை விற்றுவிட்டு ஊத்துக்கோட்டை சந்தையில் மூட்டை தூக்கப் போனார். அப்பா சாகும்வரை அவர் பெயரைச் சொல்லவில்லை. ஊத்துக்கோட்டை வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. மாமா செத்த அன்றுதான் அம்மாவை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: “நீ கைய நீட்டனத நான் பாத்துக்கினுதான்டா இருந்தேன்.”

“ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா உங்கப்பன் உன்ன உயிரோட உட்டிருக்க மாட்டான். எந்தம்பி தாங்குவான்னு நெனச்சேன். அவனும் அதான் நெனச்சான் போல.”

போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். இனி நான் ஒப்புக்கொள்வதற்கு ஆள் இல்லை.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு அக்காவுக்குத் தம்பிதான் சீர் கொண்டுவர வேண்டும். புதுப் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு சேலை. மாமா வருவது நின்ற பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா விடிகாலையில் தலைக்குக் குளித்துவிட்டு, தெருமுனை வரை போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்புவாள். அடுத்தவர்கள் போட்ட கோலத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதியது: தை மாதம் இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கல்.