குடிக்காத சாயங்காலங்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கள் மாடி வீட்டு பாஸ்கர் ஒரு பிரஷர் குக்கரை நெஞ்சோடு அணைத்தபடி என் வாசலில் நின்றார்.

"அக்கா, பம்பர் விழுந்துடுச்சு" என்றார்.

லாட்டரி என்று நினைக்காதீர்கள். குடிக்காமல் இருந்ததற்காக ஓர் ஆஸ்பத்திரி அவருக்குக் கொடுத்த பரிசு அது!

பெரிய குடும்பத்துக்கான சைஸ். அவர் வீட்டில் அவர் ஒருவர்தான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் ஒருத்திதானே என்றேன். யாருக்கும் தேவைப்படாத அந்தக் குக்கரையே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அது வாட்ச்மேன் வீட்டுக்குப் போனது.

பாஸ்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். கோடம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினியர். குடி ஏறியது, வேலை குறைந்தது, மனைவி மகனை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். பல வருடம் ஆகிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் என் தலைக்கு மேலே இருக்கிற ஃபிளாட்டில் அவர் மட்டும். கீழே நான் மட்டும். என் கணவர் போனபிறகு இந்த வீடு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று முன்பே எழுதிவிட்டேன்... மறுபடி வேண்டாம்.

அவர் குடித்த காலத்தில் எங்கள் அபார்ட்மென்ட் முழுக்க அவரைப் பற்றித்தான் பேச்சு. லிஃப்டுக்குள் உட்கார்ந்து தூங்கிவிடுவார். அடுத்தவர் வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுக் குடைவார். அசோசியேஷன் மீட்டிங்கில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடி அவர்தான் விவாதப் பொருள்.

ஒருநாள் காலையில் மாடிப்படியில் விழுந்து கிடந்தார். நெற்றியில் ரத்தம். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. நான்தான் ஆட்டோ பிடித்து மந்தைவெளியில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். என் கல்லூரித் தோழி வசந்தி அங்கே சைக்காலஜிஸ்ட். தையல் போட்ட கையோடு அவளிடம் ஒப்படைத்தேன்.

வசந்தி அப்போதுதான் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்திருந்தாள். விஷயம் எளிமையானது. செவ்வாய், வெள்ளி வரவேண்டும். டிராஃபிக் போலீஸ் வைத்திருக்கும் மெஷின் மாதிரி ஒன்றில் ஊதவேண்டும். குடிக்கவில்லை என்று காட்டினால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். பல சீட்டுகளில் வெறும் பாராட்டு. சிலவற்றில் சோப்பு, துண்டு, குடை. எப்போதாவது பெரிய பரிசு. தொடர்ந்து குடிக்காமல் வந்தால் எடுக்கிற சீட்டுகள் கூடிக்கொண்டே போகும். ஒருநாள் குடித்தால்? அன்று சீட்டு கிடையாது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி அழுதே நிறுத்தாதவர் சோப்புக்காக நிறுத்துவாரா? இது குழந்தைக்கு மிட்டாய் காட்டுவது இல்லையா? வசந்தியிடமே கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டில் வெகுகாலமாகச் செய்து பார்த்த முறைதான், நம் ஊரில் எடுபடுமா என்பதுதான் தன் கேள்வி என்றாள்.

"குடிச்சா சுகம் உடனே கிடைக்குதுடி. குடிக்காம இருந்தா? உடம்பு தேறும், வேலை வரும், மரியாதை வரும்... எல்லாம் எப்பவோ. நடுவுல இன்னிக்கு சாயங்காலம்னு ஒண்ணு இருக்கே, அதை எப்படித் தாண்டுறது? அதுக்குத்தான் இன்னிக்கே கையில ஏதாவது குடுக்கறேன்."

பரிசு நின்றபிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். சிலர் தாக்குப்பிடிப்பார்கள், சிலர் திரும்பிப் போவார்கள், யார் எப்படி என்று தனக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்று சொல்லும் டாக்டர்கள் அபூர்வம், இல்லையா?

பாஸ்கரும் முதலில் சிரித்தார். ஆனால் போனார். முதல் பரிசு ஒரு சோப்பு. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் காட்டுவது வழக்கமாயிற்று. ஒன்றும் விழாத நாளில் வெறும் கையைக் காட்டுவார். அந்த நாட்களில் மத்தியானத் தூக்கத்தை நான் விட்டுவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஒருநாள், சோப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"சோப்பு இன்னாக்கா, கடையில வாங்கிக்கலாம்" என்றார். "குடிச்சப்போ மொத்த பில்டிங்கும் என்னைப் பார்த்துச்சு. இப்ப குடிக்காம கீறேன்... ஒரு ஆளு பார்க்கல. அந்த மெஷின் ஒண்ணுதான் பார்க்குது."

அன்றைக்கு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போடாதவரை மடக்குகிறோம். போட்டவரை நிறுத்தி யாராவது கை குலுக்கியிருக்கிறோமா? செய்த தப்புக்கு ஊரே சாட்சி. செய்யாமல் விட்ட தப்புக்கு?

சில மாதம் நன்றாகப் போயிற்று. கை நிறையச் சீட்டு எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். தியேட்டரில் மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அவர் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழ் வரவில்லை. தூரத்துச் சொந்தம் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாலையும் கழுத்துமாக மகனைப் பார்த்திருக்கிறார். மணமேடையில் அப்பா நிற்கவேண்டிய இடத்தில் மாமா நின்றிருக்கிறார். அன்று சாயங்காலம் மேலே ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் செவ்வாய். இனி போகமாட்டார் என்று நினைத்தேன். காலையில் கண்கள் சிவந்து, சட்டையை மட்டும் ஒழுங்காக அயர்ன் செய்து போட்டுக்கொண்டு வந்து நின்றார். கூட வரமுடியுமா என்று கேட்டார். மெஷின் என்ன சொல்லும் என்று தெரிந்தும் எதற்குப் போகவேண்டும் என்றேன்.

"இன்னிக்கு போகலேன்னா அப்புறம் எப்பவுமே போகமாட்டேன்க்கா."

போனோம். அந்தச் சின்ன அறையில் இன்னும் சிலர் காத்திருந்தார்கள். பாஸ்கர் ஊதினார். நர்ஸ் மெஷினைப் பார்த்தார். பிறகு வசந்தியைப் பார்த்தார். காத்திருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அறையிலிருந்த அத்தனை பேருக்கும் அந்த நிலைமை தெரியும்.

வசந்தி திட்டவில்லை. அறிவுரை சொல்லவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னிக்கு சீட்டு இல்ல பாஸ்கர். வெள்ளிக்கிழமை வாங்க. ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கலாம்."

அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஆட்டோவில் பாஸ்கர் சத்தமே இல்லாமல் அழுதார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை போனார். ஒரே ஒரு சீட்டு எடுத்தார். அதில் பரிசு ஒன்றுமில்லை. அடுத்த செவ்வாயும் போனார். அப்படிப் படிப்படியாக ஏறி வந்த பிறகு விழுந்ததுதான் அந்தக் குக்கர்.

போன வாரம் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. சீட்டும் இல்லை, பரிசும் இல்லை. வசந்தி எல்லோருக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை வெயிலோடு மயிலாப்பூரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் பாஸ்கர்! அதே அயர்ன் செய்த சட்டை. உள்ளே அந்த அறையைப் பிசியோதெரபிக்குக் கொடுத்துவிட்டார்களாம். வசந்தி லீவாம்.

"செவ்வாக்கெழமை இல்லியாக்கா... கால் தானா வந்துடுச்சு" என்றார்.

என் பையை வாங்கிக்கொண்டார். நடந்தோம். வழியில் ஒயின் ஷாப். பட்டப்பகலிலும் வாசலில் கூட்டம். பாஸ்கரின் நடை மெதுவாயிற்று. என்னுடையதும். அவரிடம் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? மெஷின் உண்டா, கிண்ணம் உண்டா?  பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அவர் கடையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். நடந்தார்.

தெருமுனை திரும்பியதும் கேட்டேன். "இன்னிக்கு குடிக்கல, இல்லையா?"

"இல்லக்கா."

"நான் பார்த்தேன் பாஸ்கர்."

அவர் எங்கள் மாடிப்படி வரை வந்து, பையைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க சாப்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

மத்தியானம் மூன்று மணி. வெளிநாட்டிலிருந்து என் மகள் போனில் கேட்கும்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். எதிரே நின்று முகத்தைப் பார்த்து யாரும் என்னிடம் அதைக் கேட்டு நாளாகிறது.

இன்னும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.