ஜட்ஜுக்கு ஒரு பெட்டி மாம்பழம்

1. கறுப்புக் கவுன்

தொண்ணூறுகளில் ரொறன்ரோத் தமிழரில் பாதிப்பேர் நான் ஒரு ஜட்ஜ் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கவுனும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு மன்றின் முன்னால் இருப்பவள் வேறு யாராக இருக்க முடியும்? நான் ஜட்ஜ் இல்லை, கோட் ரெஜிஸ்ட்ரார். கனடா மத்திய அரசின் நீதிமன்றத்தில் ஜட்ஜுக்கு நேர் கீழே இருந்து, வழக்கைக் கூப்பிட்டு, சாட்சிக்குச் சத்தியம் கொடுத்து, சான்றுப்பொருள்களுக்கு இலக்கமிடுகிறவள். மொன்றியலில் வந்திறங்கிய காலத்தில் பிடிவாதமாகப் படித்த பிரெஞ்சுதான் அந்தக் கதிரையை எனக்கு வாங்கித் தந்தது. சும்மா கிடைத்த கதிரை இல்லை. அதைப் பற்றிப் பெருமையாகத்தான் எழுதுவேன்.

முதல் நாளே என்னை நீதிபதி ஹார்ட்விக்கின் மன்றில் போட்டார்கள். காலையில் தன் அறைக்குக் கூப்பிட்டு, அன்றைய வழக்குகளில் இருந்த தமிழ்ப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். சிவபாக்கியநாதன் என்ற பெயரை அவர் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகிறவன் அவருடைய பெயரையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார். அன்றைக்கே எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது.

அவர் வட ஒன்ராறியோவில் ரயில் சாரதி ஒருவரின் மகன். சின்ன நகரமொன்றில் காணித் தகராறு, சம்பளத் தகராறு என்று வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்தவரை ஐம்பது வயதில் நீதிபதியாக்கினார்கள். எங்கள் நீதிமன்ற நீதிபதிகளுக்கு இருப்பிடம் ஒட்டாவா. அங்கிருந்து நாடு முழுக்கச் சுற்றவேண்டும். ஒரு கிழமை வன்கூவரில் கப்பல் வழக்கு, அடுத்த கிழமை ஹலிபக்ஸில் வரி வழக்கு, அதற்கடுத்தது ரொறன்ரோவில் அகதி வழக்கு. ரொறன்ரோவுக்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ரயிலில்தான் வருவார். வக்கீல்மாரோடு சாப்பிடப் போகமாட்டார்; அறையில் தனியே இருந்து சான்ட்விச் சாப்பிடுவார். மேல்நீதிமன்றம் அவருடைய தீர்ப்பொன்றைக் கவிழ்த்தபோது, அதை முழுக்க வாசித்துவிட்டு, "இந்த இடத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி" என்று பென்சிலால் கோடு போட்டதை நான் கண்ணால் கண்டேன். ஆனால் மன்றில் பொல்லாதவர். ஆயத்தமில்லாமல் வந்த வக்கீலை அவர் பார்க்கிற பார்வையில் நானே என் கோப்புக்குள் தலையைக் குனிந்துகொள்வேன்.

2. இரண்டு பெட்டி

ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அஜக்ஸில் எங்கள் வீட்டுக்குத் தியாகராசா அண்ணை வந்தார். என் கணவரின் ஊர்க்காரர். முதலே வந்து அகதியாக ஏற்கப்பட்டவர். பின்னால் தனியே வந்த மகள் சுகந்தியின் அகதிக் கேஸை நிராகரித்துவிட்டார்கள். செவ்வாய் பின்னேரம் அவளைக் கொழும்புக்கு விமானம் ஏற்றப் போகிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி வக்கீல் போட்ட ஸ்டே மோஷன் திங்கட்கிழமை எங்கள் மன்றில்.

அவர் இரண்டு மாம்பழப் பெட்டிகளை மேசையில் வைத்தார்.

"பிள்ளை, உது உங்களுக்கு. மற்றது ஜட்ஜ் ஐயாவுக்கு."

"ஐயோ அண்ணை, உதுகளை உடனை எடுங்கோ! உது பெரிய பிழை."

"என்ன பிழை? காசே குடுக்கிறன்? மாம்பழம் தானே. நீர் சும்மா ஒரு சொல்லுச் சொல்லிவிடும், எங்கட ஊர்ப் பிள்ளையெண்டு."

"நான் அங்கை கேஸ் கூப்பிடுறவள் அண்ணை. ஜட்ஜுக்குப் புத்தி சொல்லுறவள் இல்லை."

"உமக்கு மனமிருந்தால் சொல்லலாம்," என்றார். கண் கலங்கியிருந்தது. இரண்டு பெட்டிகளையும் அவருடைய காரில் திருப்பி ஏற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

நான் இதை ஜட்ஜிடம் சொல்லியாக வேண்டும். என் கணவர் குதித்தார். "உமக்கென்ன விசரே? நீர் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்? ஜட்ஜ் கேஸை விட்டிட்டுப் போனால் அந்தப் பெட்டையின்ரை கதி என்ன?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கிழமை ரொறன்ரோவில் இருந்தவர் ஹார்ட்விக் ஒருவர்தான். அவர் விலகினால், இன்னொரு நீதிபதி கிடைப்பதற்குள் விமானம் போய்விடலாம். சொன்னால் சுகந்தி போய்விடுவாள். சொல்லாவிட்டால், அந்தக் கதிரையில் இருக்க எனக்கு அருகதை இல்லை. 

3. பின்வாங்கு

திங்கள் காலை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

"இதை என்னிடம் சொல்லும்படி யார் சொன்னது?"

"ஒருவரும் இல்லை, மை லோர்ட்."

"நன்றி. இன்று உங்கள் இடத்தில் வேறொருவர் இருக்கட்டும். நான் இதை இரண்டு பக்கத்துக்கும் திறந்த மன்றில் சொல்லவேண்டும்."

கவுனைக் கழற்றிவிட்டுப் பார்வையாளர் இருக்கிற பின்வாங்கில் போய் இருந்தேன். தியாகராசா அண்ணை என்னைக் கண்டதும் தனக்குத் துணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஹார்ட்விக் ஒன்றையும் ஒளிக்கவில்லை. மனுதாரியின் தகப்பன் என்ன கொண்டுவந்தார், என்ன கேட்டார், ரெஜிஸ்ட்ரார் என்ன செய்தார் என்று நேராகச் சொன்னார். "நான் விலகவேண்டும் என்று அரசு தரப்பு கேட்டால் விலகுவேன்," என்றார். சுகந்தி தலையைக் குனிந்தாள். அரசு வக்கீல் ஓர் இளம் பெண். எழும்பி, கோப்புக் கட்டுகளை அடுக்கி வைத்தாள். நான் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆட்சேபம் இல்லை, மை லோர்ட். தகப்பன் செய்ததற்கு மகளைத் தண்டிக்க அரசு கேட்கவில்லை. உங்கள் முன்னிலையிலேயே வாதிடுகிறோம்."

பிறகு அவள் விட்டுக்கொடுக்காமல் வாதாடினாள். ஹார்ட்விக் சுகந்தியின் வக்கீலையும் கேள்வியால் பிழிந்தெடுத்தார். இடைவேளைக்குப் பிறகு வந்து தீர்ப்புச் சொன்னார். கொழும்பில் அவளைப் பிடித்து அடைத்துவைத்தது பற்றிய புதிய சான்றை, அவளைத் திருப்பி அனுப்ப முடிவெடுத்த அதிகாரி பார்க்கவே இல்லை. முழு வழக்கும் முடியும்வரை அவளை அனுப்பக்கூடாது. கடைசியில், "மாம்பழம் இந்த வழக்கில் எவருக்கும் நன்மையும் செய்யவில்லை, தீமையும் செய்யவில்லை," என்றார். எனக்கு எழும்பிக் கைதட்டவேண்டும் போலிருந்தது. இப்படி ஒரு மன்றில் வேலை செய்கிறேனே என்று பெருமையாக இருந்தது.

4. ஆள் பிடிக்கிறது

கொஞ்ச நாள் போக, ஸ்காபரோவில் மரக்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "அன்ரி, எங்கட கேஸுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோவன். தியாகராசா அண்ணைக்காகச் சொன்னனீங்களாம். ஜட்ஜே எழும்பி எல்லாருக்கும் முன்னாலை அவரைப் பற்றிக் கதைச்சவராம்!"

எனக்கு வந்த கோபத்தில் வாங்கிய முருங்கைக்காயையும் கடையிலேயே விட்டுவிட்டு, நேரே தியாகராசா அண்ணை வீட்டுக்குக் கார் விட்டேன். வாசலில் நின்றே தொடங்கினேன்.

"அண்ணை, நான் உங்களுக்காக ஒரு சொல்லும் சொல்லேல்லை. உங்களைக் காட்டிக் குடுத்தனான். அதைத்தான் ஜட்ஜ் கோட்டிலை சொன்னவர். அப்பிடியிருந்தும் உங்கட மகள் கேஸை வெண்டவள். விளங்குதே?"

அவருடைய முகம் செத்துப்போனது. 

"ஊரிலையிருந்து வெளிக்கிடப் பாஸ் எடுக்க ஒராளைப் பிடிச்சன். கொழும்பிலை இவளை வெளியிலை எடுக்க இன்னொராளைப் பிடிச்சன். இஞ்சை வாறதுக்கும் ஆள். அப்ப, உது மட்டும் ஒருத்தரையும் பிடிக்காமல் நடந்ததோ?"

"ஓம் அண்ணை. அவளின்ரை பக்கம் சரியெண்டபடியால் நடந்தது."

அவர் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். சுகந்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பிள்ளை," என்றார், "நீ உன்ரை நியாயத்திலைதான் வெண்டனியாம்."

அப்படியே அழுதுவிட்டார்.