முப்பத்தொன்பது பேருக்குச் சரியாக வந்த விடை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இறுதியாண்டு மாணவர்களுக்குப் பத்து நாள் தீவிரப் பயிற்சி ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதை முடிப்பவர்களின் பெயர் மட்டும்தான் கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலுக்குப் போகும். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை புரோகிராம் எழுத வேண்டும். திருத்துவது கம்ப்யூட்டர். நான் முன்கூட்டியே ஏற்றி வைத்த விடையோடு ஒத்துப்போனால் பாஸ். இல்லாவிட்டால் அடுத்த நாளிலிருந்து வகுப்பு கிடையாது. யாரும் என்னிடம் வந்து மூக்கைச் சிந்த முடியாது என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.

ஆறாம் நாள் கணக்கு, இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாட்கள் என்று கண்டுபிடிப்பது. அதுவரை தாக்குப்பிடித்த நாற்பது பேரில் ஒரு பெண் மட்டும் தேறவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். அன்று சாயங்காலம் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"என் ஆன்சர் கரெக்ட் மேடம். ஒரு வாட்டி பாருங்களேன், ப்ளீஸ்."

"முப்பத்தொன்பது பேருக்குச் சரியா வந்திருக்கு. உனக்கு மட்டும் கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமாம்மா?" என்றேன். அவள் நீட்டிய தாளை வாங்கக்கூட இல்லை. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வருடம் அதே பயிற்சிக்காகப் பழைய கணக்குகளைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். நான்கால் வகுபட்டால் லீப் வருடம் என்று போட்டு விடை தயாரித்திருந்தேன். கணக்கில் கொடுத்த இரண்டு தேதிகளுக்கு நடுவே 2100ஆம் வருடம் வருகிறது. அது நான்கால் வகுபடும், ஆனால் நானூறால் வகுபடாத நூற்றாண்டு வருடம் என்பதால் அதில் பிப்ரவரி 29 கிடையாது. முதல் வருட மாணவனுக்குத் தெரிந்த விஷயம் எனக்கு மறந்திருக்கிறது. அப்படியானால் மற்றவர்கள் எப்படித் தேறினார்கள்? அவர்கள் எழுதியதைத் திறந்து பார்த்தேன். பாதிப் பேர் என்னைப் போலவே மறந்திருந்தார்கள். மீதிப் பேர், முதல் தடவை தப்பு என்று சொல்லித் திரை காட்டிய என் விடையைப் பார்த்து, அதோடு ஒத்துப்போவதற்காக ஒரு நாளைக் கூட்டிக்கொள்ள ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அவள் மட்டும் சேர்க்கவில்லை.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு போனேன். இரும்புலியூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தெரிந்த கம்பெனியில் பேசுகிறேன் என்றேன்.

"வேணாம் மேடம். நீங்க அப்படிச் சொன்னதும், எனக்குத்தான் எதுவும் வராதுன்னு நெனச்சிட்டேன். வீட்டுக்குப் போய் கையால போட்டுப் பாத்தேன், அப்பவும் அதே ஆன்சர்தான் வந்துச்சு. ஆனா என்னையே நம்ப முடியல. அதுக்கப்புறம் நான் புரோகிராமே எழுதல மேடம்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள், நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் விடை சரியென்று யார் வந்து நின்றாலும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். ஆனாலும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் அந்தத் தவறைத் திருத்த எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. அன்றைக்கு அவள் என்னிடம் கேட்டதும் அவ்வளவுதான்.