தேங்காயெண்ணெய்க் கைரேகை

ஏழு வயதில் என்மேல் ஒரு பெரும் பழி இருந்தது. அப்பாவின் இசைத்தட்டில் எண்ணெய்க் கை வைப்பவள் நான்தானாம். எப்போது பார்த்தாலும் முறுக்கும் கையுமாகத் திரிகிறவள் வீட்டில் வேறு யார் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்பா பாட்டுப்பெட்டியோடு வாங்கி வந்த ஒரே தட்டு அது. நாதஸ்வரம். ஆனால் வாசிப்பைவிடப் பொரிகிற சத்தம்தான் அதிகம் கேட்கும். அதைச் சுத்தம் செய்ய, அம்மாவின் தம்பியான மாமா ஊரின் இன்னொரு பக்கமான சாரம் பகுதியிலிருந்து ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வருவார். வாராவாரம் ஒரு வைத்தியம். உலர்ந்த துணியால் துடைத்ததில் தூசி வரிகளுக்குள் இன்னும் இறங்கியது. குழாய்த் தண்ணீர் காய்ந்து உப்புப் பூத்தது. பிராந்தி ஊற்றலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பாண்டிச்சேரியில் எதற்குத்தான் அது மருந்தில்லை! அப்பா அவரைப் பாட்டிலோடு அனுப்பிவைத்தார். கடைசியில், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பைக் கலந்து, நடுவிலுள்ள காகிதம் நனையாமல், மெத்தென்ற துணியால் வரி போகும் வழியிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் பேட்டரித் தண்ணீரில் அலசினார் மாமா. தட்டு காய்ந்ததும் போட்டால், அடடா, என்ன ஒரு நாதம்! அதுவரை காத்திருந்தவர், எங்களோடு இருந்த அப்பாவின் தங்கையான அத்தை பரிமாறச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பார்த்தால் தட்டில் பிசுபிசுவென்று விரல் தடம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மாமா கொஞ்சமும் சலிக்காமல் துடைத்தார்.

"இன்னொருவாட்டி கை வச்ச, பொட்டியையே வித்துடுவேன்" என்றார் அப்பா. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த நாதஸ்வரத்துக்கு நான் ஆடாத ஆட்டமில்லை.

மறு ஞாயிறு காலை கட்டிலடியில் படுத்துக் காவல் காத்தேன். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவியபடியே அத்தை வந்தாள். உறையிலிருந்து தட்டை எடுத்தாள். கட்டைவிரலால் நிதானமாக ஓர் அழுத்து.

மாமா வந்து உட்கார்ந்ததும் கூடத்தில் எல்லார் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "அத்தைதாம்ப்பா வச்சாங்க! நான் பாத்தேன்!"

அத்தை அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். மாமா துடைத்த இடத்தையே விழுந்து விழுந்து துடைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா மாமாவையும் அடுக்களை வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எந்தத் தண்ணியிலயும் போவாது போலருக்கே, மச்சான்!"

அத்தைக்கு அடி நிச்சயம் என்று காத்திருந்தேன். ஒரு திட்டுகூட விழவில்லை. அடுத்த மாதமே தாம்பூலம் மாற்றி, அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்தார்கள். குற்றவாளிக்குப் பட்டு, கண்டுபிடித்தவளுக்குச் சாதாரணப் பாவாடையா? எனக்கு ஆறவே இல்லை. கல்யாணப் பந்தலில் நிஜ நாதஸ்வரமே வாசித்தார்கள். மாமாவும் அத்தையும் கூப்பிட்டுக்கூட நான் ஆடவில்லை.