பாதி வழியில் நிற்கும் ராக்கெட்

என் மேசைக்கு மேலே, இரண்டு ஆணிகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய தூண்டில் நரம்பின் நடுவில் ஒரு நீல ராக்கெட் தொங்குகிறது. உடல் அட்டைக் குழல்; வாலில் சிறு விசிறி; உள்ளே முறுக்கு அவிழ்ந்து தளர்ந்த ரப்பர். என் தங்கை செய்த கடைசி ராக்கெட் அது. அதன் கழுத்தைச் சுற்றி அவள் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டை, மருத்துவமனையில் அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டது.

லிங்கராஜபுரத்தில் எங்கள் திருச்சபையின் வாலிபர் குழுவை நாங்கள் இருவரும்தான் நடத்தினோம். ஆண்டுதோறும் சபைக் கூடத்தின் நீளத்துக்கு இரண்டு நரம்புகளைக் கட்டி, ராக்கெட்டுகளைக் கோத்து ஓடவிடுவோம். ரப்பரை முறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ராக்கெட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரப்பரின் முனையை வெளியே இழுத்து, கையால் சுற்றும் டிரில்லின் கொக்கியில் மாட்டிச் சுற்றுவார். அதற்குத் தங்கை ஒரு விதி வைத்திருந்தாள்: எதிர்த்து ஓட்டுபவர்தான் முறுக்க வேண்டும், ராக்கெட்டுக்கு உரியவர் 'போதும்' என்றதும் கையை நிறுத்திவிட வேண்டும். எதிராளியின் கையை நம்பவும் பிள்ளைகள் பழக வேண்டும் என்பாள். சமூகப்பணி படித்த எனக்கு எதைச் செய்தாலும் அதன் விளைவை முதலில் யோசிக்கும் பழக்கம். இதனால் சண்டை வரும் என்று அஞ்சினேன். ஒருமுறைகூட வரவில்லை.

அவள் ராக்கெட் மட்டும் எந்த ஆண்டும் மறுமுனையைத் தொட்டதில்லை. ரப்பர் அறுந்துவிடும் என்ற பயத்தில் சீக்கிரமே 'போதும்' என்றுவிடுவாள். வழக்கமாக அவளை எதிர்த்து ஓட்டும் பள்ளி மாணவி ஒருத்தி, "அக்கா, உங்க ராக்கெட்டுக்கு பாதியிலயே ஸ்டாப் வந்துடுது. பஸ்ல ஏத்தி அனுப்பிடலாமா?" என்பாள்.

"போடி வாயாடி. உன்னுது போய் செவுத்துல முட்டிக்குது. என்னுது மரியாதையா நிக்குது."

நோய் முற்றிய ஆண்டு, போட்டியை முன்னதாகவே வைத்துவிடலாம் என்றேன். "பசங்களுக்கு எக்ஸாம்க்கா. எனக்காக தேதிய மாத்தாத," என்று மறுத்துவிட்டாள். இன்னொரு சுற்று கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். கொடுத்தால் எத்தனை வேதனை, கொடுக்காவிட்டால் எத்தனை நாள் என்று நான் கட்டிலருகே உட்கார்ந்து எடைபோட்டுக்கொண்டிருந்தேன். ராக்கெட்டுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தவள் தூரிகையை எடுக்காமலே, "போதும்க்கா" என்றாள்.

பரீட்சைகள் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அவள் சொன்ன தேதியிலேயே போட்டி நடக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். அவளுடைய ராக்கெட்டை நான் பிடித்துக்கொண்டேன். அந்த மாணவி டிரில்லைச் சுற்றினாள். ரப்பரில் முறுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. நிறுத்தச் சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னால், சொல்வதற்கு அவள் இல்லை என்பதை என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால், அவள் முடிச்சுப் போட்ட ரப்பர் என் கைக்குள்ளேயே அறுந்துவிடும். இரண்டும் தெரிந்திருந்தும் ராக்கெட்டை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தேன்.

மாணவியின் கை தானாகவே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "இங்கதான் அக்கா நிறுத்தச் சொல்வாங்க," என்றாள்.

இரண்டு ராக்கெட்டுகளையும் விட்டோம். மாணவியுடையது வழக்கம்போலச் சுவரில் போய் மோதியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நீல ராக்கெட் நரம்பின் பாதியில், ஒவ்வோர் ஆண்டும் கூடமே சிரிக்கும் அந்த இடத்தில், வேகம் குறைந்து நின்றது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

போட்டி இன்றும் நடக்கிறது, விதியும் அதுவேதான். இந்த ராக்கெட்டின் ரப்பர் மட்டும் காய்ந்து வெடித்துவிட்டது. புதிது மாட்டினால் ஓடும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால், காற்று அதை மெல்ல மறுமுனைக்குத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எழுந்துபோய், அதை இழுத்து மறுபடியும் பாதியில் நிறுத்துகிறேன்.